வினாத்தாளும் விடை கூறியவரும்

செய்தித் தொடர்பு பற்றிய ஆராய்ச்சி இந்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் இன்று தனியொரு துறையாக வேரூன்றிவிட்டது. செய்தித்தாள், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகிய சாதனங்கள் மக்களின் எண்ணத்தையும் நடத்தையையும் எவ்வாறு மாற்றுகின்றன? ஒரு கூட்டத்தார் தம்மை இன்னாரென்று உணர்வதில் அவற்றின் பங்கு யாது? சாதியும் மொழியும் ஊரும் அவற்றில் எங்ஙனம் தோன்றுகின்றன, அல்லது தோன்றாமற் போகின்றன? இவ்வினாக்களை ஆராய்வதற்கென்று மாணவர்கள் ஆண்டுதோறும் கிராமங்களுக்கு வருகின்றனர். வருபவர்களுக்கு வழிகாட்டுவோர் பெரும்பாலும் களப்பணியாளரும் பள்ளி ஆசிரியருமே ஆவர். எந்த வீட்டில் வானொலிப் பெட்டி உள்ளது, எந்தத் தெருவில் யார் வாழ்கின்றனர், எந்த வேளையில் சென்றால் பெண்களைக் கண்டு பேசலாம் என்பனவெல்லாம் அவர்களுக்கே தெரியும். வினாத்தாள்கள் நிரப்பப்படுகின்றன, ஆராய்ச்சியாளர் ஊர் திரும்புகிறார், ஈராண்டு கழித்து ஒரு நூலோ பட்டத்துக்குரிய ஆய்வுரையோ வெளிவருகிறது. விடை கூறியவர் அதனைக் காண்பதில்லை. வழிகாட்டியவரும் காண்பதில்லை.

இதனை மரியாதைக் குறைவு என்று மட்டும் கருதுவது போதாது. இவ்வழக்கம் ஆராய்ச்சியின் உண்மைக்கே ஊறு விளைவிக்கிறது. மண்ணை ஆராய்பவர் அதற்குக் களிமண் என்றோ செம்மண் என்றோ பெயரிடலாம். பெயரைக் கேட்டு மண் மாறுவதில்லை. மனிதரைப் பற்றிய ஆராய்ச்சி அத்தகையதன்று. 'பின்தங்கியவர்' என்று அறிக்கை ஒன்றில் எழுதப்பட்ட குடியானவருக்கு அப்பெயர் என்றாவது ஒரு நாள் வந்து சேர்கிறது. அறிக்கையைப் படித்த அதிகாரி அவரிடம் பேசும் முறையிலும், அவர் தெருவுக்கு முதலில் வருவது யாது, கடைசியில் வருவது யாது என்பதிலும் அது வெளிப்படுகிறது. பெயரிடப்பட்டவர் அப்பெயரை மறுக்க வாய்ப்பின்றி எழுதப்படும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே.

இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று டேனியல் லெர்னர் என்னும் அமெரிக்க அறிஞர் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மரபுச் சமுதாயத்தின் மறைவு' என்பது. துருக்கி, லெபனான், எகிப்து, சிரியா, ஜோர்டான், ஈரான் ஆகிய ஆறு நாடுகளில், வானொலி கேட்போரைப் பற்றிக் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தார் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் திரட்டிய விடைகளே அந்நூலுக்கு மூலம். அங்காரா நகருக்கு அருகிலிருந்த பால்காட் என்னும் சிற்றூரைப் பற்றிய பகுதி அதில் புகழ் பெற்றது. நாட்டின் தலைவராக இருந்தால் என்ன செய்வீர், செய்தித்தாளின் ஆசிரியராக இருந்தால் எங்ஙனம் நடத்துவீர் என்பன போன்ற வினாக்கள் அவ்வூராரிடம் கேட்கப்பட்டன. தம்மை அவ்விடத்தில் வைத்துக் கற்பனை செய்து விடையளித்தோர் நவீனர் எனவும், திகைத்து மறுத்தோர் மரபினர் எனவும் வகுக்கப்பட்டனர். ஊரின் மளிகைக் கடைக்காரர் நகர வாழ்வில் வேட்கை கொண்டவர். ஊராரின் மதிப்பைப் பெறாதவர். லெர்னர் 1954இல் நேரிற் சென்றபோது கடைக்காரர் இறந்துவிட்டிருந்தார். ஆனால் சாலையும் பேருந்தும் வந்திருந்தன. ஊரே அங்காராவின் ஒரு பகுதியாகி வந்தது.

கதை சுவையானதே. எனினும், ஓர் ஏழை இடையர் தம்மை நாட்டின் தலைவராக எண்ணிப் பேச மறுத்ததற்குக் காரணம் கற்பனைக் குறைவா, அன்றி முன்பின் அறியாத நகரத்தார் முன்னிலையில் அடங்கிப் பேசும் வழக்கமா? மாணவர்களிடம் வினாக் கேட்டுப் பழகிய எந்த ஆசிரியரும் இவ்வேறுபாட்டை அறிவார். வாய் திறவாத சிறுவன் விடை தெரியாதவன் என்று அவர் உடனே முடிவு கட்டுவதில்லை. வகுக்கப்பட்டோரிடம் அவ்வகுப்பினைச் சொல்லிக் காட்டி, 'இது சரிதானா?' என்று கேட்டிருந்தால் அந்நூலின் முடிவு சிறிதேனும் மாறியிருக்கக் கூடும்.

விரிவாக்கப் பயிற்சி பெற்றோர் எல்லாரும் படித்தறிந்த இன்னொரு பாகுபாடும் உண்டு. புதிய விதையையோ உரத்தையோ முதலில் ஏற்போர் முதல் கடைசியில் ஏற்போர் வரை மக்களை ஐந்து வகையாகப் பிரித்து எவரெட் ரோஜர்ஸ் 1962இல் நூல் எழுதினார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை பரவிய வரலாற்றை ரையன், கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்கு முன்னோடி. அயோவாவின் உழவருக்கு நிலம் இருந்தது, கடன் கிடைத்தது. கிணற்று நீருக்குப் பிறர் தயவை நாடும் இந்தியக் குத்தகைதாரர் உரம் இடத் தயங்கினால், அவரையும் ஐந்தாம் வகையில் தள்ளி வைப்பது எளிது. ரோஜர்ஸ் நேர்மையான அறிஞர். குறையை நிலைமையில் தேடாது மனிதரிடமே தேடும் போக்கு இத்துறையில் மிகுந்துவிட்டதைப் பின்னாளில் அவரே எடுத்துரைத்தார். பயிற்சிக் கூடங்களிலோ ஐந்து வகைகள் மட்டும் நின்றன, எச்சரிக்கை நிற்கவில்லை.

வெளிநாட்டுக் கொள்கைகளைக் குறை கூறுவதோடு அமைய வேண்டுவதில்லை. இந்நாட்டிலேயே, இத்துறை இங்கு முளைவிட்ட காலத்திலேயே, சிறந்ததொரு சோதனை நடைபெற்றது. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அந்நாளைய பம்பாய் மாநிலத்தின் மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 ஊர்களில் பண்ணை வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலியின் பூனா நிலையம் வாரம் இருமுறை அரைமணி நேர நிகழ்ச்சியாக இருபது நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. மன்றம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இருபது உறுப்பினர், ஒரு தலைவர், ஒரு கூட்டுநர். கூடிக் கேட்பதும், கேட்டதைப் பற்றி விவாதிப்பதும், இயன்றதைச் செய்வதும் அவர்கள் பணி. கனடா நாட்டு உழவர்களிடையே 1941இல் தொடங்கிய மன்றங்களைப் பார்த்து இம்முறை வகுக்கப்பட்டது. விவாதத்தின் சுருக்கத்தையும், விவாதத்தில் எழுந்த ஐயங்களையும் கூட்டுநர் எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்புவார். பின்வரும் நிகழ்ச்சியில் விடை கூறப்படும்.

சோதனையின் பயனை அளந்தவர்கள் பம்பாயிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தார். அப்பணிக்குத் தலைமை வகித்தவர் பால் நியூராத் என்னும் ஆஸ்திரிய சமூகவியலார். இவர் ஹிட்லர் காலத்தில் டாக்காவு, புக்கன்வால்டு ஆகிய சிறைமுகாம்களில் அடைபட்டு மீண்டவர். எழுத்தறியாதாரும் புள்ளி விவரங்களைப் படித்துணருமாறு பட மொழி ஒன்றை ஆக்கிய ஆட்டோ நியூராத் இவருடைய தந்தை. அடக்கி வைக்கப்பட்டோர் எந்நிலையில் பேசுவர், எந்நிலையில் வாய் மூடியிருப்பர் என்பதை நூலறிவால் மட்டுமன்றிப் பட்டறிவாலும் உணர்ந்தவர் ஒருவர் இப்பணிக்கு வாய்த்தது நற்பேறு எனலாம்.

அளக்கும் முறையைக் களப்பணியாளர் கருத்தூன்றி நோக்க வேண்டும். மன்றம் அமைந்த இருபது ஊர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒப்பிடுவதற்கு மன்றமில்லாத இருபது ஊர்கள். அவற்றுள் பத்தில் வானொலிப் பெட்டி இருந்தது, பத்தில் அதுவும் இல்லை. நிகழ்ச்சிகள் தொடங்குமுன் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் மக்களின் அறிவு வினாக்களால் சோதிக்கப்பட்டது. மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வெகுவாக உயர்ந்திருந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்களில் உயர்வு மிகச் சொற்பம். வானொலியும் இல்லாத ஊர்களில் சொல்லத்தக்க மாறுதல் இல்லை. பெட்டி இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இடையே வேறுபாடு சிறிது. பெட்டியின் முன் அமர்ந்து பேசியோருக்கும் பேசாதோருக்கும் இடையே வேறுபாடு பெரிது.

இச்சோதனை இன்னும் ஒன்றைக் காட்டியது. மன்றங்கள் கேட்கும் கூட்டங்களாக நின்றுவிடவில்லை. ஊர்ப் பொதுக் காரியங்களில் முடிவெடுக்கும் அவைகளாகவும் மாறத் தொடங்கின. சிலவிடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தைக் காட்டிலும் விரைந்து செயற்பட்டன என்று நியூராத் குறித்தார். குறைகளும் இருந்தன. உறுப்பினர் பெரும்பாலும் ஆடவர். பெண்களின் கருத்து இம்மன்றங்களில் இடம்பெற வழி குறைவு. எனினும், கேட்போர் என்று கருதப்பட்டவர்கள் உண்மையில் பேசுவோர் என்பது பத்து வாரங்களில் விளங்கிற்று. ஜே. சி. மாத்தூரும் நியூராத்தும் எழுதிய அறிக்கையை யுனெஸ்கோ 1959இல் பாரிசில் வெளியிட்டது. மராத்தியில் கூறப்பட்ட விடைகள் ஆங்கிலத்தில் நூலாயின.

அவ்வாண்டு நவம்பரிலேயே இத்திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. விரிந்தது எது என்பதே கேள்வி. பெட்டிகளை எண்ணலாம், மன்றங்களின் பெயர்ப் பட்டியலையும் எண்ணலாம். பூனாவில் ஊர் ஊராகச் சென்று கூட்டுநர்களுக்கு ஊக்கமளித்த அமைப்பாளர்களின் உழைப்பும், எழுதி அனுப்பிய ஐயத்துக்கு மறுவாரமே விடை வந்த ஒழுங்கும் எண்ணுக்குள் அடங்குபவையல்ல. அவை அதே அளவில் உடன் செல்லவில்லை. பெட்டி பழுதானால் பழுது பார்ப்பாரும் அருகில் இல்லை. ஆராய்ச்சி எதனைப் பயனுடையது என்று காட்டியதோ அது மெலிந்தது; எதனைப் பயன் குறைந்தது என்று காட்டியதோ அது பெருகிற்று. இதற்கு ஆட்சியாளரை மட்டும் பொறுப்பாக்குவதற்கில்லை. அறிக்கையின் முடிவு மன்ற உறுப்பினர்களின் கையில், அவர்தம் மொழியில் இருந்திருக்குமாயின், 'எங்களுக்கு வேண்டுவது பெட்டி மட்டுமன்று, அமைப்பாளரும் மறுமொழியும்' என்று அவர்களே வற்புறுத்தியிருப்பர்.

இருபதாண்டுகளுக்குப் பின் இதே வினா விண்ணிலிருந்து வந்தது. விக்ரம் சாராபாயின் முயற்சியால் 1969இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஏ.டி.எஸ்-6 என்னும் செயற்கைக் கோள் வாயிலாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 ஊர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நேரே அனுப்பப்பட்டன. ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம் ஆகியவை அம்மாநிலங்கள். கம்பி வலையாலான மூன்று மீட்டர் அகல ஏற்பிகள் ஊர்ப் பள்ளிகளிலும் பொதுக் கட்டடங்களிலும் நிறுத்தப்பட்டன. காலையில் பள்ளிச் சிறுவருக்கு ஒன்றரை மணி நேரமும், மாலையில் பெரியோருக்கு இரண்டரை மணி நேரமும் நிகழ்ச்சிகள் நடந்தன. பெட்டியைக் காத்து, நேரத்தில் இயக்கி, கூட்டத்தை ஒழுங்கு செய்தவர் பலவிடங்களில் பள்ளி ஆசிரியரே. அறிவியல் கற்பிக்கும் முறையில் சுமார் 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதன்மூலம் பயிற்சி பெற்றனர்.

ஆராய்ச்சியளவில் இத்திட்டம் முன்மாதிரியானது. அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் பொறியியலாரின் பக்கத்திலேயே சமூகவியலாரும் அமர்த்தப்பட்டனர். நிகழ்ச்சி தயாரிக்குமுன் மக்களின் தேவை ஆராயப்பட்டது. தயாரித்தபின் சோதித்துப் பார்க்கப்பட்டது. மானிடவியலார் சில ஊர்களில் மாதக்கணக்கில் தங்கி வாழ்ந்து குறிப்பெழுதினர். உடல்நலம், குடும்பநலம் போன்றவை பற்றிய அறிவு பெண்களிடமும் எழுத்தறியாதாரிடமும் கூடுதலாக வளர்ந்ததை முடிவுகள் காட்டின. பள்ளிச் சேர்க்கையிலும் வருகையிலுமோ குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. தொலைக்காட்சி வந்தால் பிள்ளைகள் தாமே பள்ளிக்கு ஓடி வருவர் என்னும் நம்பிக்கைக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

மொழியில்தான் சிக்கல் எழுந்தது. பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மூன்றுக்கும் ஒரே இந்தி நிகழ்ச்சி அனுப்பப்பட்டது. தெற்கே ஒரே படத்துக்கு இரு ஒலித்தடங்கள் அமைத்துத் தெலுங்கும் கன்னடமும் வழங்கப்பட்டன. பொறியியல் நோக்கில் இது திறமையான ஏற்பாடே. ஆனால் மைதிலி பேசும் தாயும், மார்வாரி பேசும் தாயும், புந்தேலி பேசும் தாயும் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் முறையை ஒரே நகர இந்தியில் கேட்க நேர்ந்தது. சொல் விளங்கினாலும், 'இது என்னைப் பார்த்துப் பேசுகிறது' என்னும் உணர்வு வருவது வேறு. அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்னும் ஊரில் அமைந்த சிறிய ஒளிபரப்பி ஒரே மாவட்டத்துக்கென்று, அம்மாவட்ட மக்களின் பேச்சில், அவர்களையே நடிக்க வைத்து நிகழ்ச்சிகள் தந்தது. கூலி, தீண்டாமை, மது ஆகியவை அங்கு கதைப் பொருளாயின. யுனெஸ்கோவின் பரிசு பெற்றது செயற்கைக் கோளன்று, இச்சிறு முயற்சியே என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

மொழியின் பெயர் மக்களின் பெயரோடு எத்துணை ஒன்றியது என்பதை மக்கள் தொகைக் கணக்குக்காக வீடு வீடாகச் சென்ற ஆசிரியர்கள் நன்கறிவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்போது தாய்மொழி யாது என்னும் வினாவுக்கு மக்கள் கூறிய பெயர்கள் 19,569. இவற்றை மொழியியலார் ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாகத் தொகுத்தனர். மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாமல் நின்றன. அட்டவணையில் முடிவாகத் தனிப் பெயருடன் நிற்பன 121 மொழிகள். 2011இல் 5 கோடிப் பேர் தம் மொழி போஜ்புரி என்றனர். அட்டவணையில் அவர்கள் இந்தியில் அடக்கம். மைதிலியும் 1991 வரை அங்ஙனமே அடங்கியிருந்தது. 2003இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கின் அட்டவணைகளில் தனி மொழியாயிற்று. பேச்சு மாறவில்லை, பெயரிடும் முறை மாறியது. தொகுப்பது தவறென்பதற்கில்லை. தொகுக்காமல் எந்த அட்டவணையும் அமையாது. ஆனால் 19,569 எங்ஙனம் 121 ஆயிற்று என்பதை, தம் மொழியின் பெயரைக் கூறியவருக்கு ஒருவரும் சென்று விளக்கியதில்லை. விண்கோள் நிகழ்ச்சிக்கு ஒரு மொழி போதும் என்று திட்டமிடுவோர் முடிவு செய்வது இத்தகைய அட்டவணைகளைப் பார்த்தே.

இதற்கு மாறான வழியும் இந்நாட்டில் தோன்றியுள்ளது. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த உரிமை கிடைத்தது. சென்னையில் அண்ணா பல்கலைக் கழகத்தின் வானொலி 2004 பிப்ரவரியில் ஒலிக்கத் தொடங்கிற்று. 2006இல் இவ்வுரிமை தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் விரிந்தது. 2008 அக்டோபரில், இன்றைய தெலங்கானாவின் சகீராபாத் அருகே மச்னூர் என்னும் ஊரில் சங்கம் வானொலி தொடங்கியது. சிறுதானியம் பயிரிடும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களின் சங்கங்கள் அதனை நடத்துகின்றன. அப்பெண்களின் தெலங்கானப் பேச்சு தெலுங்குத் திரைப்படங்களில் நெடுங்காலம் கோமாளிக்கும் கொடியவனுக்கும் உரியதாகக் காட்டப்பட்டது. அதே பேச்சு விதையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கற்றுக்கொடுக்கும் பேச்சாக வானொலியில் ஒலித்தபோது, கேட்டோர் தம்மைப் பற்றிக் கொண்ட எண்ணமும் மாறாதிருக்க இயலாது. பல்கலைக் கழகத்தார் பலர் அவ்வானொலியைக் காணச் சென்றனர், கட்டுரைகளும் வந்தன. இங்கு ஒரு வேறுபாடு உண்டு. வந்தவரிடம் எதிர்க்கேள்வி கேட்கும் ஒலிவாங்கி அப்பெண்களின் கையிலேயே இருந்தது.

கைப்பேசி வந்தபின் கேட்போர், சொல்வோர் என்னும் எல்லை முற்றும் அழிந்துவிட்டது என்பர். ஓரளவு உண்மையே. 2018இல் குழந்தை கடத்துவோர் பற்றிய பொய்ச் செய்திகள் வாட்ஸ்அப் வழியே பரவி, பல மாநிலங்களில் குற்றமற்றோர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் ஒரே முறையில் அனுப்பவியலாதவாறு இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. எண்ணைக் குறைத்தல் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால், வந்த செய்தியை நம்புமுன் யாரிடம் சென்று கேட்பது என்று ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதா என்பதே பூனா மன்றங்கள் எழுப்பிய பழைய வினா. ஆசிரியரும் செவிலியரும் கிராம நிர்வாக அலுவலரும் அன்றாடம் கேட்டு வரும் இத்தகைய வினாக்கள் ஆய்வுரைகளில் அருகியே காணப்படுகின்றன.

ஆகவே ஒரு சிறு விதியைப் பல்கலைக் கழகங்கள் ஏற்றல் வேண்டும். செய்தித் தொடர்பு, மொழி, சமுதாய அடையாளம் ஆகியவை பற்றிக் கிராமத்தில் நடத்தப்படும் எந்த ஆராய்ச்சியும், அதன் முடிவுகள் அவ்வூரில், அவ்வூர்ப் பேச்சில், விடை கூறியோர் முன்னிலையில் வாசிக்கப்பட்ட பின்னரே நிறைவுற்றதாகக் கருதப்பட வேண்டும். கேட்டோர் கூறும் மறுப்புகள் ஆய்வுரையின் இறுதியில் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட வேண்டும். உடன் உழைத்த களப்பணியாளரும் ஆசிரியரும் விரும்பினால், நன்றியுரையில் மட்டுமன்றி ஆராய்ச்சியில் பங்கு கொண்டோர் வரிசையிலும் அவர்கள் பெயர் இடம்பெற வேண்டும். ஆய்வுரைகள் இன்று ஷோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் எல்லாரும் காணுமாறு வைக்கப்படுகின்றன. அது வரவேற்கத்தக்கதே, ஆயினும் ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் உள்ள நூலைத் திறந்து வைத்தல் மட்டும் ஊராருக்கு அளித்த மறுமொழி ஆகாது.

இதற்குத் தடை கூறுவோர் உளர். முடிவைச் சொல்லிவிட்டால் மறுமுறை அவ்வூரில் ஆராயவியலாது, மக்கள் ஆராய்ச்சியாளர் விரும்பும் விடையையே கூறுவர் என்பது ஒரு தடை. ஒரே ஊரில் முன்னும் பின்னும் அளக்கும் ஆராய்ச்சிக்கு இது பொருந்தும். அங்கு இறுதி அளவு முடிந்தபின் வாசிக்கலாம். மற்றவற்றுக்கு இது பொருந்தாது. விரும்பும் விடையைக் கூறும் வழக்கம் இப்போதும் உள்ளதே. தம் விடை எங்ஙனம் பயன்பட்டது என்று அறிந்தவரே அடுத்த முறை கவனத்துடன் விடை கூறுவர்.

வலிமையான தடை வேறொன்று. ஊரில் சாதிப் பூசல் உள்ளபோது, தாழ்த்தப்பட்டோர் நம்பிக் கூறிய செய்தியைப் பொதுவில் வாசிப்பது அவர்களுக்கே தீங்காகலாம். இதனை எளிதில் ஒதுக்குதல் தகாது. எந்த முடிவை ஊர்ப் பொதுவில் வாசிப்பது, எதனை அந்தந்தத் தெருவில் மட்டும் தனியே வாசிப்பது, எதில் ஊரின் பெயரையே மறைப்பது என்பதை ஆராய்ச்சியாளர் நகரத்திலிருந்து முடிவு செய்யவியலாது. அவ்விடத்தில்தான் களப்பணியாளரின் அறிவு இன்றியமையாததாகிறது. யார் முன் யார் பேச மாட்டார் என்பதை அறிந்தவர் அவரே. விடை கூறியவர் வேண்டாவென்றால் வாசித்தலாகாது என்பதையும் விதியில் சேர்த்தல் நலம்.

செலவைப் பற்றியும் கூறுவர். இரண்டாம் முறை ஊருக்குச் செல்லும் பேருந்துக் கட்டணமும், பத்துப் பக்கச் சுருக்கத்தை மக்கள் மொழியில் அச்சிடும் கூலியும், ஆராய்ச்சிக்குச் செலவாகும் மொத்தத் தொகையில் சிறு பகுதியே. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. தாய்மொழியின் பெயரை, கூறியவர் கூறியவாறே எழுத வேண்டும் என்பது கணக்கெடுப்பாளருக்கு வழக்கமாக அளிக்கப்படும் அறிவுரை. அவ்வாறு திரளும் பெயர்களை மாவட்டந்தோறும் மொழியியல் துறைகள் தொகுத்து, எப்பெயர் எம்மொழியில் அடக்கப்பட்டது, ஏன் என்பதை ஒரு சிறு ஏடாக வெளியிட்டு, பெயரை எழுதி வந்த ஆசிரியரின் பள்ளிக்கு ஒரு படி அனுப்பலாம்.